மடுவுக்குப் போக முதல்: பாதரின் பதில்கள்

கேள்வி: பாதர், ஆவணித் திருநாளுக்கு குடும்பமா மன்னார்ப் பக்கம் இருக்கிற மடு மாதா கோயிலுக்குப் போறம். வெளிக்கிட முதல் எல்லா வீட்டிலயும் சமாதானத்துக்காக செபமாலை சொல்லச் சொல்லி பூசையில அறிவிச்சவை. எங்கட தம்பியை 2009 சண்டையோட காணேல்ல, அம்மா இண்டைக்கும் படலையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா. சமாதானம் எண்டு சொல்லேக்க, நடந்ததை விட்டிடுங்கோ எண்டு நானே தம்பிக்குச் சொல்லுற மாதிரிக் கிடக்கு. எனக்கு அந்தச் செபம் வருகுதில்லை.
வாசகி, குருநகர்

பதில்: பிள்ளை, வராத செபத்தை வந்த மாதிரிச் சொல்லவேண்டாம். பைபிளில 120ஆம் திருப்பாடல் தொடங்கி 134 வரைக்கும் 15 பாட்டு இருக்கு, எருசலேமுக்கு யாத்திரை போற சனம் பாடினது. அதில முதல் பாட்டை வாசிச்சுப் பாருங்கோ, முழுக்க முறைப்பாடுதான், சமாதானத்தை வெறுக்கிற ஆக்களுக்குள்ள கனகாலம் இருந்திட்டன், நான் சமாதானம் கதைச்சா அவை சண்டைக்கு நிக்கினம் எண்டு அந்த மனிசன் கடவுளிட்ட அழுறான். எருசலேமின்ர சமாதானத்துக்காக மன்றாடுங்கோ எண்டது அதுக்குப் பிறகு, 122இல தான் வருது. அப்ப உங்கட முறைப்பாட்டை முதல்ல சொல்லுங்கோ, அதை விழுங்கிப்போட்டு நேரா சமாதானத்துக்குப் போகச் சொல்லி ஆர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

மடு மாதாவும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்தவதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கின காலத்தில, 1670இல, மாந்தையில இருந்து தப்பி ஓடின சனம் மாதாவின்ர சுருவத்தையும் தூக்கிக்கொண்டுதான் மடுக் காட்டுக்குள்ள போனது. 1999 நவம்பரில அந்தக் கோயிலுக்குள்ள அடைக்கலம் தேடி வந்து படுத்திருந்த சனத்துக்கு மேலயே ஷெல் விழுந்தது. 2008 சித்திரையில சண்டை கிட்ட வர, சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. நீங்கள் பூநகரிப் பாதையால போறதெண்டால் வெள்ளாங்குளம் தாண்டேக்க, தேவன்பிட்டி அதுக்குக் கிட்டத்தான், வானை ஒருக்கா ஓரமா நிப்பாட்டி பிள்ளையளுக்கு இதைச் சொல்லுங்கோ, அதுகளுக்குத் தெரியாது. 2015 ஜனவரி 14 பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து கதைக்கேக்க, அந்த இடத்தில நடந்த துயரத்தை எந்த இலங்கையராலயும் மறக்கேலாது எண்டுதான் சொன்னவர். மன்னிப்பைப் பற்றியும் அதே பேச்சிலதான் கதைச்சவர். மறந்தால்தான் சமாதானம் எண்டு திருச்சபை ஒருநாளும் உங்களிட்டக் கேக்கேல்ல.

எப்பிடிச் செபிக்கிறது எண்டால், வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் இரவு, தறப்பாள், அரிசி, சட்டிபானை எல்லாம் கட்டி முடிஞ்ச பிறகு அம்மாவையும் வைச்சுக்கொண்டு செபமாலையில இயேசுவின்ர பாடுகளை நினைக்கிற துக்க தேவரகசியம் சொல்லுங்கோ. தம்பியின்ர படத்தை மாதாவுக்கு முன்னால வையுங்கோ. முதல் பத்து மணியும் அவருக்குத்தான், முழுப்பேரையும் சத்தமாச் சொல்லி, எங்க இருக்கிறார் எண்டு எங்களுக்குத் தெரியவேணும் எண்டு கேளுங்கோ. உண்மை தெரியவேணும் எண்டு கேக்கிறதும் சமாதானத்துக்கான செபம்தான். நாலாவது பத்து, இயேசு சிலுவை சுமந்து போறது, அதில மட்டும் தெற்கில பிள்ளை காணாமல்போன ஒரு தாயை நினைக்க ஏலுமோ பாருங்கோ, ஏனெண்டால் ஆமியில போய்த் திரும்பி வராத பொடியளின்ர தாய்மாரும் மடுவுக்கு வருகினம், நீர்கொழும்பு சிலாபத்தில இருந்து வாற சனத்தோட ஒரே தண்ணிப் பைப்பிலதான் நீங்களும் நிப்பியள். ஏலாட்டி, மாதாவே எனக்கு இன்னும் வருகுதில்லை எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பத்துக்குப் போங்கோ. நானும் அண்டைக்கு உங்கட தம்பிக்காகப் பூசை ஒப்புக்குடுப்பன்.

கேள்வி: வேலி எல்லைப் பிரச்சினையால அக்காவோட கதைச்சுக் கனகாலம். இப்பிடியே மடுவுக்குப் போய் நேர்த்தி செலுத்தலாமோ?
வாசகர், பாஷையூர்

பதில்: மத்தேயு அஞ்சாம் அதிகாரத்தில இயேசு இதுக்கு நேராவே பதில் சொல்லியிருக்கிறார், காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால வைச்சிட்டு முதல் போய் சகோதரத்தோட ஒப்புரவாகு எண்டு. ஹயருக்கு வான் பேச முதல் அக்கா வீட்டுக்குப் போங்கோ. வேலிக்கதையை அண்டைக்கு எடுக்கவேண்டாம், அதுக்குக் காணி உறுதி இருக்கு, நிலஅளவையாளர் இருக்கிறார். மடுவுக்குப் போறம், நீங்களும் வாறியளோ எண்டு மட்டும் கேளுங்கோ. வரமாட்டன் எண்டு முகத்தைத் திருப்பினால், மாதாவிட்ட என்ன கேக்கவேணும் எண்டாவது சொல்லுங்கோ எண்டு கேட்டு, அவ சொல்லுறதை அங்க போய் உங்கட நேர்த்திக்கு முன்னம் சொல்லுங்கோ. திரும்பி வரேக்க சனம் பக்தியா வீட்டுக்குக் கொண்டுபோற மடு மண் அவவுக்கும் கொஞ்சம் கொண்டு வாங்கோ.