சென்னையா, பெங்களூருவா? கேளுங்கள், சொல்கிறோம்

இரண்டு ஊர்களுக்கும் நடுவே வீடு மாற்றுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சென்னை சிறுசேரியில் ஒரு வேலை, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு வேலை. சம்பளம் ஒன்றுதான். மனைவிக்குக் கிண்டியில் வேலை இருக்கிறது. பெங்களூரு என்றால் அவர் புதிதாகத் தேட வேண்டும். எதை ஒப்புக்கொள்வது? (வாசகர், சேலம்)

சம்பளச் சீட்டை வைத்து இதைத் தீர்க்க முடியாது. தொழில் வரிகூட இரண்டு ஊரிலும் அதிகபட்சம் வருடத்துக்கு 2,500 ரூபாய்தான். வித்தியாசமெல்லாம் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவின் ஊதா வழித்தடம் இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து காடுகோடி முதல் சல்லகட்டா வரை ஒரே வண்டி. அதனால் ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பிடித்தாக வேண்டும் என்பதில்லை, மேற்கே விஜயநகர் வரை தேடலாம். ஆனால் 'ஒயிட்ஃபீல்டு' என்று கம்பெனி விலாசத்தில் போட்டிருந்தால் போதாது. பட்டந்தூர் அக்ரஹாரா, குந்தலஹள்ளி நிலையங்களிலிருந்து நடந்து போகிற தூரமா, அல்லது வர்த்தூர் பக்கம் உள்ளே போக வேண்டுமா என்று பாருங்கள். வர்த்தூர் பக்கம் என்றால் மெட்ரோவில் மிச்சப்படுத்திய நேரத்தைக் கடைசி நான்கு கிலோமீட்டர் விழுங்கிவிடும்.

சிறுசேரிக்கு மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை பழைய மகாபலிபுரம் சாலைப் பேருந்து, கம்பெனி வண்டி, சொந்த வண்டி, இவைதான். பறக்கும் ரயில் தரமணியைத் தொட்டுவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் சென்னையில் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு மின்சார ரயில் இருக்கிறது. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். அன்றாடம் வேலைக்குப் போகிறவர் நம்பி ஏறுகிற அப்படியொரு புறநகர் ரயில் பெங்களூருவில் இன்னும் வரவில்லை. வீட்டில் இரண்டு பேர் இரண்டு திசையில் வேலைக்குப் போனால் இந்த ரயில்தான் கைகொடுக்கும்.

உங்கள் விஷயத்தில் கையில் இருக்கிற இரண்டாவது சம்பளத்தை விட்டுவிட்டு வராதீர்கள். சென்னையை எடுத்துக்கொண்டு வேளச்சேரியில் வீடு பாருங்கள். அவருக்குக் கிண்டி பக்கம், உங்களுக்குக் கம்பெனி வண்டி கிடைக்கும். ஊதா வழித்தடத்தில் அவருக்கும் ஒரு வேலை அமைந்தால் அப்போது யோசிக்கலாம்.

எந்த ஊரானாலும் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு அன்று எல்லா வீடும் ஆபீஸுக்கு இருபது நிமிடம்தான். செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பியும் வாருங்கள்.

கேள்வி: பெங்களூருவில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களாம். சென்னையில் இது இல்லைதானே? (வாசகி, கரூர்)

சென்னையிலும் பத்து மாதம் கேட்ட காலம் உண்டு, இன்றும் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. 'எழுதாதவரை' என்பதுதான் ஓட்டை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது நீங்களே ஒப்புக்கொண்டது ஆகிவிடும். அதே சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

பெங்களூருவில் பத்து என்பது ஆரம்ப விலை. ஐந்தாறுக்கு இறங்குகிறவர்கள் நிறைய. பேரத்தில் வாடகையைக் குறைக்கச் சொல்வதைவிட அட்வான்ஸைக் குறைக்கச் சொன்னால் எளிதில் மசிவார்கள்.

பெயின்டிங் பிடித்தம் அங்கே வழக்கம். சண்டை போட்டுப் பயனில்லை, ஆனால் எழுத்தில் கட்டிப்போடலாம். 'இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தால் மட்டும் ஒரு மாத வாடகை, அதற்கு மேல் வேறு பிடித்தம் இல்லை, சாவி கொடுத்த பதினைந்து நாளில் மீதி வங்கி வழியாக' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் அன்று சாமான் இறக்குவதற்கு முன்னால், குழாய், கமோட், சுவர் ஈரம், கதவுத் தாழ்ப்பாள், கரன்ட் மீட்டர் எண் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு எடுத்தால் உங்கள் பீரோ இடித்த சுவர் என்பார்கள்.

இன்னொன்று, 'லீஸ்' வீடு. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்தால் வாடகையே கிடையாது என்பார்கள். நம்மூரில் போக்கியம் அல்லது ஒத்தி. பெங்களூருவில் இது ரொம்பப் பரவலாக நடக்கிறது, பல ஒப்பந்தங்கள் பதிவே ஆவதில்லை. ஓனர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்துத் தவணை கட்டாமல் விட்டிருந்தால், வங்கி வந்து வீட்டைப் பூட்டும். உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பல்ல. வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள், கர்நாடகத்தில் பதிவுத்துறையின் 'காவேரி' இணையதளத்தில் கிடைக்கும். பதிவுக்கு ஓனர் இழுத்தடித்தால் அந்த வீடு வேண்டாம்.

கேள்வி: தண்ணீர்ப் பிரச்சினை எந்த ஊரில் குறைவு? (வாசகர், திருநெல்வேலி)

தாமிரபரணிக்காரருக்கு இரண்டு ஊருமே கஷ்டம்தான்! சென்னை 2019-இல் தவித்தது, பெங்களூரு 2024-இல் தவித்தது. ஊரைக் கேட்பதைவிடத் தெருவைக் கேளுங்கள்.

பெங்களூருவுக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் பண்ணி ஏற்றப்பட்டு வருகிறது. ஜெயநகர், மல்லேஸ்வரம் போன்ற பழைய பேட்டைகளுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. பிறகு நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. மெயின் குழாய் தெருவில் ஓடுவதும் உங்கள் சம்ப்புக்கு இணைப்பு எடுத்திருப்பதும் வேறு வேறு. ஓனரிடம் 'காவிரி இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்பார். தண்ணீர் வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறுதான். அது ஆயிரம் அடிக்கும் கீழே போயிருக்கும், கோடையில் காற்றுத்தான் வரும்.

சென்னையில் நிலத்தடித் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது, 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் கடலோரத்தில் உப்பு. நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருந்தாலும் அந்தத் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் குழாயில் வருவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளில் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கடந்த மே மாத ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், டிசம்பர் ரசீது ஒன்றும் சொல்லாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் இருக்கட்டும். சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் வேறு வேறு தொட்டி இருக்கும். 500-க்குக் கீழே என்றால் குடிக்கத் தவிர மற்றதற்குக் கவலையில்லை. 1,500, 2,000 என்று காட்டினால் கீசர் காயில் வெள்ளை பூத்து எரியும், வாஷிங் மெஷின் வடிகட்டி அடைக்கும், தலைமுடி கயிறாகும். காவிரி மட்டும் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. எந்திரம் வேண்டியதில்லை. யூ.வி. போதும், கழிவுத் தண்ணீர் மிச்சம்.

கேள்வி: மயிலாப்பூரிலிருந்து ஜெயநகர் வந்தோம். அதே அளவு, அதே கிரைண்டர். இட்லி மாவு மட்டும் பொங்குவதே இல்லை. (வாசகி, பெங்களூரு)

குளிர்தான் காரணம். பெங்களூரு 900 மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. மார்கழி ராத்திரியில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் ஏழு மணி நேரத்தில் பொங்கிய மாவுக்கு அங்கே பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் வேண்டும்.

நான்கு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், அரை கப் அவல். சென்னையில் கிரைண்டர் சூடேறாமலிருக்க ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்திருப்பீர்கள். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுச் சாதாரணத் தண்ணீரே ஊற்றுங்கள், கல்லின் சூடு மாவுக்கு நல்லது. உளுந்தை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். இரண்டு மாவையும் கையால் கலந்து, பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்து, உப்புப் போடாமல் மூடுங்கள். உப்பு நொதிப்பைத் தாமதப்படுத்தும், குளிர் நாட்களில் காலையில் போட்டுக்கொள்ளலாம். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகன்ற அண்டாவுக்குள் இறக்கி வைத்து மூடுங்கள், அல்லது விளக்கு மட்டும் எரிகிற 'அவன்' (oven) அடுப்புக்குள் வையுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு அடுப்பையே தவறுதலாகச் சூடாக்கிவிட்டால் ஓரமெல்லாம் வெந்த மாவுதான் மிஞ்சும், அதனால் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். கரண்டியால் ஓரத்தைக் கிளறினால் வலைபோல ஓட்டை தெரிந்தால் தயார். ஆப்ப சோடா போட்டால் பொங்கும், ஆனால் இட்லி மஞ்சளடித்து வாசனை வரும்.

அரிசியையும் பாருங்கள். தெருமுனைக் கடையில் அரிசி என்று கேட்டால் சோனா மசூரி பச்சரிசியைக் கட்டிக் கொடுப்பார்கள். இட்லிக்கான புழுங்கலரிசி என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு இலவச பஸ் இரண்டு ஊரிலும் ஒன்றுதானே? (வாசகி, வேலூர்)

இல்லை. சென்னையில் சாதாரணக் கட்டண பஸ்ஸில் ஏறினால் போதும், எந்த ஊர்க்காரர் என்று கேட்க மாட்டார்கள். பெங்களூருவில் 2023 ஜூனில் வந்த 'சக்தி' திட்டம் கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். வேலூர் முகவரி போட்ட ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். முகவரியை மாற்றிய பிறகு பூஜ்ய டிக்கெட் கிடைக்கும். ஏ.சி. 'வஜ்ரா' பஸ்ஸுக்கு அதுவும் செல்லாது.

கேள்வி: கரன்ட் பில் எங்கே குறைவு? (வாசகர், மதுரை)

ஏ.சி. தேவைப்படாத வீடு கிடைத்தால் பெங்களூரு. சென்னையில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டியதும் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, அதுவரை 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். மே, ஜூன் பில்லில் திடுக்கிடுவது இதனால்தான். ஓனர் சப் மீட்டர் வைத்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று ஒரே விலை போட்டால் உங்களுக்கு அந்த 100 யூனிட்டும் கிடையாது.

கர்நாடகத்தில் மாதாமாதம் பில். 'கிருஹ ஜோதி' இலவச மின்சாரத் திட்டத்தில் பழைய பயன்பாட்டுச் சராசரியை ஒட்டி இலவச வரம்பு வைப்பார்கள், அதிகபட்சம் 200 யூனிட். அந்த 200-ஐயும் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். பலருக்குச் சிக்குவது, முன்னால் குடியிருந்தவரின் ஆதார் அந்த மீட்டரோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான். அவர் இணைப்பை நீக்காமல் உங்கள் விண்ணப்பம் ஏறாது. அவர் போன் எண் கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை பெங்களூருவில் எவ்வளவு நாள் ஓட்டலாம்? (வாசகர், ஓசூர்)

பன்னிரண்டு மாதம். அதற்கு மேல் அங்கேயே இருந்தால் எண்ணை மாற்ற வேண்டும். நிலுவை அபராதங்களைக் கட்டி, கடன் இருந்தால் வங்கியிடம் சம்மதக் கடிதம் வாங்கி, சொந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெறுங்கள். அதில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று பெயர் வரும். எலக்ட்ரானிக் சிட்டிக்கு கே.ஏ. 51, இந்திராநகருக்கு கே.ஏ. 03. வீடு பிடிக்காமலே ஏதோ ஓர் ஆர்.டி.ஓ.வை எழுதிவிட்டு இன்னொரு கோடியில் குடிபோனால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அங்கே படிவம் 27, வண்டிச் சோதனை, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி. புது ஆர்.சி. கைக்கு வந்ததும் தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள். காப்பீட்டிலும் எண்ணை மாற்றுங்கள்.

கேள்வி: பெங்களூரு சாம்பார் ஏன் இனிக்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

வெல்லம் போடுகிறார்கள், அவ்வளவுதான். காரமில்லாத, நிறம் மட்டும் கொடுக்கிற பியாடகி மிளகாயும் சேர்வதால் தித்திப்பு தூக்கலாகத் தெரியும். தர்ஷினி என்கிற சிற்றுண்டிக் கடையில் டோக்கன் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடும்போது, தட்டை நீட்டுவதற்கு முன்பே 'சட்னி மாத்ர' (சட்னி மட்டும்) என்று கன்னடத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லத் தவறினால் வடை சாம்பாரில் மூழ்கித்தான் வரும்.