'ஹைப்போ' என்று தொடங்கும் மருத்துவச் சொற்களுக்கு என்ன பொருள்?

ஸ்கேன் அறிக்கையில் ஹைப்போகாண்ட்ரியம், ரத்தப் பரிசோதனையில் ஹைப்போநேட்ரீமியா, அம்மாவின் சீட்டில் ஹைப்போதைராய்டு. எல்லாவற்றிலும் வருகிற 'ஹைப்போ' ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான். கிரேக்க மொழியில் அதற்குக் 'கீழே' என்று பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'தாழ'.

எங்கள் ஊர் என்பது களியக்காவிளை. எல்லையை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கிறேன், மருத்துவன் அல்ல. இங்கே பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே டாக்டர் மலையாளத்தில் விளக்குகிறார், டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் வருகிறது, அதன் பொருளை என் கடை மேசையில் வந்து தமிழில் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்தத் 'தாழ' எனக்குப் பிடிபட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மாடியிலிருந்து கீழே வா என்பதற்கும் 'தாழ வா' என்போம். மலையாளத்திலும் 'தாழெ'தான். அளவு இறங்கினாலும் தாழ்ந்தது என்கிறோம். இடம், அளவு என்று அந்த ஒரு சொல் செய்கிற இரண்டு வேலைகளையும் ஹைப்போவும் செய்கிறது. எந்தச் சீட்டில் எந்த வேலை என்று தெரியாமல்தான் குழப்பம்.

முதலில் இடம். பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஒருநாள் சீட்டை மேசையில் அறைந்தார். "எனக்கு நோயே இல்லையாம் தம்பி, எல்லாம் மனப்பிரமையாம். எழுதியே கொடுத்துவிட்டார்" என்றார். பேரன் போனில் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். சீட்டில் இருந்த வரி, 'வலது ஹைப்போகாண்ட்ரியாக் பகுதியில் வலி'. பித்தப்பைக் கல் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதுவரை அவருக்குப் பொறுமை இல்லை.

என் சட்டையின் மேலேயே விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தடவிக் காட்டினேன். விலா எலும்பு முன்பக்கம் வந்து முடிகிற இடத்தில் அது எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பு. கிரேக்கத்தில் 'காண்ட்ரோஸ்'. அந்தக் குருத்தெலும்புக்குத் தாழ இருக்கும் வயிற்றுப் பகுதிதான் ஹைப்போகாண்ட்ரியம். வலப்பக்கம் ஈரலும் பித்தப்பையும், இடப்பக்கம் மண்ணீரல். பழைய காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் காரணமில்லாத கவலை, சோர்வு எல்லாம் இந்த உறுப்புகளிலிருந்து கிளம்புவதாக நம்பினார்கள். அதனால் நோய் இருப்பதாகவே எண்ணிப் பயந்துகொண்டிருப்பவருக்கும் அந்த இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. நம்பிக்கை போய்விட்டது, பெயர் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "விலாவுக்குத் தாழ என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஹைப்போகாஸ்ட்ரியம் என்றால் அடிவயிறு. ஹைப்போகுளோசல் நரம்பு நாக்குக்கு அடியில் ஓடி நாக்கை அசைப்பது. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் 12ஆவது. ஹைப்போதலாமஸ் மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குத் தாழ இருப்பது. ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்குத் தாழ மருந்தைச் செலுத்துவது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு வேலைகளையும் ஒரே ஊசியில் காட்டிவிடலாம். மருந்து தோலுக்குத் தாழ போகிறது. அளவு மிஞ்சினாலோ, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தவறினாலோ சர்க்கரை தாழ போகிறது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கும். அந்த நேரத்தில் விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

அளவைச் சொல்லும் இந்தச் சொற்கள் பெரும்பாலும் 'ஈமியா' என்று முடியும். ரத்தத்தில் என்று பொருள். நடுவில் இருப்பது பொருளின் பெயர். லேப் ரிப்போர்ட்டில் சோடியத்துக்கு 'என்ஏ', பொட்டாசியத்துக்கு 'கே' என்று ஏன் போடுகிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். நேட்ரியம், கேலியம் என்ற லத்தீன் பெயர்களின் சுருக்கம் அவை. ஹைப்போநேட்ரீமியா என்றால் ரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே; ஹைப்போகலீமியா என்றால் பொட்டாசியம் 3.5க்குக் கீழே.

ஆபத்து எங்கே என்றால், 'ஹைப்பர்' என்ற எதிர்ச்சொல்லுக்கும் இதற்கும் காதுக்கு அதிக வித்தியாசம் இல்லை. அது 'மேலே', கூடுதல். எழுபது வயதைக் கடந்த ஒரு மாமியின் சீட்டில் ஹைப்பர்டென்ஷன் ஒரு வரியிலும் ஹைப்போநேட்ரீமியா அடுத்த வரியிலும் இருந்தன. சோடியம் 124. மருமகள் இரண்டையும் 'ஹைப்பர்' என்றே படித்திருக்கிறாள். பிரஷரும் கூடுதல், உப்பும் கூடுதல் என்று கஞ்சியில்கூட உப்புப் போடாமல் நான்கு நாள் கொடுத்திருக்கிறாள். மாமி பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தார். சீட்டிலிருந்த எண்ணுக்கு நானே போன் செய்து கொடுத்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். முன்பு பிரஷருக்காகச் சாப்பிட்டுவந்த, சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரைதான் சோடியத்தை இறக்கியிருந்தது. வயதானவர்களுக்கு இது நடப்பதுண்டு. அந்த மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தி, வழக்கம்போல் உப்புச் சேர்க்கவும் சொல்லியிருந்தார்கள்; மருமகள் காதில் 'உப்பு' மட்டும் விழுந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாக உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சோடியம் குறைந்ததற்கான காரணத்தைப் பொறுத்து, தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. டாக்டரிடம் "கூடுதலா, குறைவா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இரண்டு சொல்லும் மலையாளத்திலும் உண்டு.

இனி உங்கள் அம்மாவின் ஹைப்போதைராய்டு. உறுப்பின் பெயர் வருகிறதே, தைராய்டுக்குத் தாழ ஏதோ கோளாறு என்று நினைக்கத் தோன்றும். இல்லை. இங்கே தாழ்ந்திருப்பது சுரப்பியின் வேலை. ஆனால் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் கூடுதலாக இருக்கும். "கூடியிருக்கிறது, பிறகெப்படி ஹைப்போ?" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. தைராய்டு சோம்பிக் கிடந்தால் ஏவல் உரக்க வரும். கூலியாள் அசையவில்லை என்றால் மேஸ்திரியின் குரல்தானே உயரும்? மேஸ்திரியின் சத்தத்தை அளந்து ஆளின் சோம்பலைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பிட்யூட்டரிக்கு இன்னொரு பெயர் ஹைப்போபிசிஸ், தாழ வளர்ந்தது என்று பொருள். அதாவது அம்மாவின் ஹைப்போதைராய்டை நமக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு ஹைப்போபிசிஸ். அதை ஏவுவது மேலே சொன்ன ஹைப்போதலாமஸ்.

ஹிப்போகேம்பஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. மூளைக்குள் நினைவைப் பதிய வைக்கிற அந்தப் பகுதி பார்ப்பதற்குக் கடற்குதிரை மாதிரி வளைந்து இருப்பதால் அந்தப் பெயர்.