மகன் இறையியல் படிக்கப் போகிறேன் என்கிறான், என்ன சொல்வது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் பையன் திடீரென்று ஒரு நாள் இரவு "நான் இறையியல் படிக்கப் போகிறேன், ஊழியத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் தூக்கம் வராது. வேலை கிடைக்குமா, வருமானம் போதுமா, இது உண்மையான அழைப்பா இல்லை ஏதோ கூட்டத்தில் வந்த உணர்ச்சி வேகமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதுக்கு நான் பதில் சொல்வது சரியில்லை, ஆனால் தம்பியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நானும் ஆலோசகர் வேலைக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் இறையியல் கல்லூரியில் இருந்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அழைப்பு என்று சொல்லி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவர் பிரசங்க பீடத்தில் நிற்கிறார், சபையே அமைதியாகக் கேட்கிறது. படிப்பு முழுக்க செவ்வாய்க்கிழமைகளாகத்தான் இருக்கும். விடியற்காலையில் சிற்றாலயத்தில் ஆராதனை, அதை நடத்த அவன் முறையும் வரும், அன்று மனம் வறண்டு கிடந்தாலும் ஜெபம் சொல்லியாக வேண்டும். அப்புறம் கிரேக்க வகுப்பு. "லூயோ", அதாவது "அவிழ்க்கிறேன்" என்ற ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும், தன்மை முன்னிலை படர்க்கை என்று எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்வதில்தான் பலருக்கும் தொடங்கும். புதிய ஏற்பாட்டில் 50 முறைக்கு மேல் வரும் சொற்களே 300-க்கும் சற்று அதிகம், முதல் வருடத்தில் அவற்றைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவார்கள். எபிரேயம் வலமிருந்து இடமாக, 22 எழுத்து, கீழும் மேலும் உயிர்ப்புள்ளிகள். இதோடு திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை, வாரக் கடைசியில் ஏதாவது ஒரு சபையில் களப்பணி. களப்பணி என்றால் பிரசங்கம் என்று நினைக்க வேண்டாம், முதல் வருடம் முழுக்க நாற்காலி போட்டிருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைகளை உட்கார வைக்கப் படாத பாடு பட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வரும்போது "அம்மா, மாற்கு 16-இல் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய்ட்டிக்குஸிலும் வத்திக்கானுஸிலும் இல்லை" என்று ஏதாவது சொல்வான். பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டான் என்று பதறாதீர்கள். இந்தக் கட்டம் பலருக்கும் வரும், எனக்கு வந்தது, சில மாதம் ஜெபிக்கவே வாய் வரவில்லை. அப்போது வீட்டில் யாரும் என்னை மடக்கிக் கேள்வி கேட்கவில்லை. என் அம்மா "உனக்குப் பாடம் நடத்தும் வாத்தியார் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதானே தினமும் ஆராதனைக்கு வருகிறார், அவரிடமே போய்க் கேளேன்" என்றார். கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அம்மாவுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல கல்லூரிகளில் மருத்துவமனையில் மேய்ப்புப் பணிப் பயிற்சி, அதாவது நோயாளிகளோடு இருந்து ஆறுதல் சொல்லப் பழகுவது, உண்டு. ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1925-இல் அமெரிக்காவில் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப் போனதிலிருந்து வளர்ந்த முறை இது. அதற்குச் சில வருடம் முன்பு அவரே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். புத்தகத்தை ஊன்றிப் படிப்பது போல நோயாளியின் வாழ்க்கையையும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த பாடம்.

என் முதல் நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. வயதான ஒருவர், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து அசைய முடியாமல் படுத்திருந்தார். நான் ஒரு சங்கீதம் வாசித்தேன், விளக்கம் சொன்னேன், ஜெபம் செய்தேன், மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். ஆமென் சொன்னதும் அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தத் தண்ணீரை எடுத்துத் தருகிறாயா?" தண்ணீர் டம்ளர் ஜன்னல் ஓரத்தில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நான் வந்த நேரத்திலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பயிற்சியின் விதிப்படி நடந்த உரையாடலை வார்த்தைக்கு வார்த்தை நினைவிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். என் விளக்கத்தைப் பற்றி ஆசிரியர் ஒன்றுமே எழுதவில்லை, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "உள்ளே நுழைந்ததும் முதலில் எதைப் பார்த்தாய்?" மூன்று வருடப் படிப்பில் என்னை அதிகம் மாற்றியது அந்தக் கேள்விதான்.

வேலை விஷயம். சபை ஆயர், மருத்துவமனை, சிறை, ராணுவம் ஆகிய இடங்களில் சாப்ளின் (அங்கிருப்பவர்களுக்கு ஊழியம் செய்யும் போதகர்), வேதாகம மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு முடித்தால் ஆசிரியப் பணி என்று வழிகள் இருக்கின்றன. சம்பளம் பெரும்பாலும் குறைவு, அதை மறைத்துப் பேச மாட்டேன். பட்டம் வாங்கினால் ஆயராகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. படிப்பைக் கல்லூரி தரும், குருத்துவ அபிஷேகம் தருவதா வேண்டாமா என்பதைத் திருச்சபைதான் முடிவு செய்யும். அதனால் சேருவதற்கு முன்பே உங்கள் சபையின் தலைமையிடம் "இந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா, எங்கள் பிள்ளையைப் பரிந்துரைப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி, இறையியல் முதுகலை) போன்ற படிப்புகளுக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும், பொதுவாக மூன்று வருடம். எனவே தம்பி இப்போதைய பட்டத்தைப் பாதியில் விடவே கூடாது, இதில் மட்டும் நீங்கள் கறாராக இருங்கள்.

இனி மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன வழி. விண்ணப்பத்தை இப்போது தொட வேண்டாம். உங்கள் ஆயர் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதும், துக்க வீட்டுக்குப் போகும்போதும் தம்பி கூடவே போகட்டும், பேசாமல், பை தூக்கிக்கொண்டு, வாரம் ஒரு முறை, மூன்று மாதம். திரும்பி வந்த இரவு எதுவும் கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் நின்றுவிட்டால் திட்டவும் வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், போன இடங்களில் யாரைப் பார்த்தான், அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று முதலில் எழுதட்டும்.