இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராகத் தொடங்கும் தங்கைக்கு: நேரமும் கட்டணமும்

அன்புள்ள தங்கச்சி, கணவரின் திறன்தொழிலாளர் விசாவில் துணைவியாக இலண்டனுக்கு வந்திருப்பதாகவும், இரண்டு வயது மகளுடன் வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளைப் பராமரிக்கும் சைல்ட்மைண்டர் தொழிலைத் தொடங்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். மணித்தியாலத்துக்கு எவ்வளவு கேட்கலாம், எத்தனை மணி வரை பிள்ளைகளை வைத்திருக்கலாம், என்னென்ன விளையாட்டுச் சாமான்கள் வேண்டும், எந்தப் பகுதியில் வீடு எடுக்கலாம் என்பன உங்கள் கேள்விகள். விளையாட்டுச் சாமான்களும் வீட்டுப் பகுதியும் போகப்போகச் சரியாகிவிடும். நேரத்தையும் கட்டணத்தையும் பற்றியே எழுதுகிறேன். நல்ல கைராசியுள்ள பல பெண்கள் அவை இரண்டாலும் மனம் நொந்து இத்தொழிலை விட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டில் பார்ப்பதானால், பாடசாலைகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டிலோ அங்கீகாரம் பெற்ற சைல்ட்மைண்டர் முகவரகத்திலோ பதிவு செய்தே ஆகவேண்டும். துணைவி விசாவில் உள்ள நீங்கள் சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. "பதிவெல்லாம் எதற்கு, கையில் காசு வாங்கிப் பாருங்கள்" என்று சொல்லும் நம்மவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் காப்புறுதியும் இல்லாமல் சட்டத்தின் முன் தனியாக நிற்கப்போவது நீங்கள்தான்.

கட்டணத்தைப் பக்கத்துத் தெரு சைல்ட்மைண்டரிடம் கேட்டு அப்படியே எழுதிவிடாதீர்கள். எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளைத்தான் ஒரே நேரத்தில் நீங்கள் பார்க்கலாம். அவர்களில் பாடசாலை வயதை எட்டாத சிறியவர்கள் பொதுவாக மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூவரிலும் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். உங்கள் மகளும் அந்த மூவருக்குள் அடக்கம் என்பதால், நாள் முழுவதற்கும் விற்க உங்களிடம் இரண்டே இடங்கள் உள்ளன. உதாரணமாக, மணித்தியாலத்துக்கு 7 பவுண் என்று வைத்தால் இரு பிள்ளைகளும் இருக்கும் நேரத்தில் 14 பவுண் வரும்; சாப்பாடு, காப்புறுதி, சூடாக்கி, வரி எல்லாம் அதற்குள்தான். காலை ஏழரைக்கு ஒரு பிள்ளை மட்டும் வந்தால் அந்த நேரத்துக்குரிய வருமானம் 7 பவுண் வீதந்தான். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பிய தொழிலாளிக்குச் சட்டம் வைத்த ஆகக் குறைந்த சம்பளமோ மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எட்டு மணிக்கு முன்னரும் மாலை ஆறு மணிக்குப் பின்னரும் கூடுதல் வீதம் வையுங்கள், தயங்க வேண்டியதில்லை.

அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணித்தியாலங்களைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். 2025 செப்டெம்பரிலிருந்து, தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் நிரம்பியதை அடுத்து வரும் பாடசாலைத் தவணையிலிருந்து வாரத்துக்கு 30 மணித்தியாலங்கள் கிடைக்கின்றன. ஆனால் அது ஆண்டில் 38 வாரங்களுக்கு மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் பரப்பினால் வாரத்துக்கு 22 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே பெற்றோருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள். அந்த மணித்தியாலங்களுக்கு உள்ளூர்க் கவுன்சில் உங்களுக்குத் தரும் வீதம் உங்கள் வீதத்தைவிடக் குறைந்தாலும் மிகுதியைப் பெற்றோரிடம் வாங்க முடியாது. சாப்பாட்டுக்கும் நாப்பிக்கும் காசு கேட்கலாம், அதைக் கட்டாயமாக்கக் கூடாது. சொந்த மகளுக்காக நீங்களே இந்தப் பணத்தைப் பெறவும் முடியாது.

நான் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் இலண்டனின் ஹரோ பகுதியில் ஒரே வீட்டை மூன்று குடும்பங்கள் பகிர்ந்திருந்தோம். விடியற்புறம் துப்புரவு வேலைக்குப் போவதற்காக என் கைக்குழந்தையை ஊர்க்காரப் பெண்ணொருவரிடம் விட்டுச் செல்வேன். வெள்ளிக்கிழமை தோறும் அவர் சொல்லும் தொகை வேறாக இருக்கும், எதற்கும் பற்றுச்சீட்டு இல்லை, கேட்டால் "நாங்கள் சொந்தக்காரர் மாதிரித்தானே" என்பார். பின்னர் நானே பதிவு செய்தபோது, அடுத்த தெருவில் இதே தொழிலைச் செய்த போலந்துப் பெண்ணிடம் ஒப்பந்தம் எழுதப் பழகினேன். அவர் தம் நாட்டவர், பிற நாட்டவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் முதல் நாளே கையெழுத்து வாங்குவார், எவரும் அவரைக் கடுமையானவர் என்று சொன்னதில்லை. நம்மவர்களோ என்னை அன்ரி என்று அன்பாக அழைத்துக்கொண்டே ஆறு மணிப் பிள்ளையை ஏழு மணிக்குக் கூட்டிப் போவார்கள். வெள்ளைக்காரரின் நேர்சரியில் தாமதக் கட்டணத்தை மறுபேச்சின்றிக் கட்டும் அதே பெற்றோர்தான் இவர்கள். தாமதக் கட்டணத்தை எழுத்தில் வைத்து, முதல் தாமதத்திலேயே வாங்கத் தொடங்கிய பின்னர் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். அன்ரி என்று அழைப்பதையும் நிறுத்தவில்லை.

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்தை முற்பணமாக வாங்குவதையும், விலகுவதற்கு நான்கு வார முன்னறிவித்தலையும் எழுதுங்கள். பிள்ளை நோயால் வராத நாளுக்கும், பெற்றோர் ஊருக்குப் போய் நிற்கும் வாரங்களுக்கும் கட்டணம் உண்டா என்பதைத் தெளிவாக்குங்கள். ஓகஸ்டில் ஆறு வாரம் யாழ்ப்பாணம் போகும் குடும்பத்துக்காக நீங்கள் வெறும் வீட்டில் இடத்தைக் காசில்லாமல் காத்து வைத்திருக்க முடியாது. நீங்கள் விடுமுறை எடுக்கும் நாட்களுக்குக் காசு வாங்காமல் விடுவது நியாயம். வாந்தி, வயிற்றோட்டம் வந்த பிள்ளையை அது நின்று 48 மணித்தியாலம் கடந்த பின்னரே ஏற்பதாகவும் எழுதுங்கள். கட்டண உயர்வை ஆண்டுதோறும் ஏப்ரலில் வைத்து, மார்ச் தொடக்கத்திலேயே எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள்.