ஒரே சால்மொனெல்லா, என் கொட்டகையில் மட்டும் ஏன் சாவு?

கேள்வி: 30 வாரம் ஆன பழுப்பு முட்டைக் கோழிகள். தினமும் சில கோழிகள் கொண்டை வெளுத்து, மஞ்சளும் பச்சையுமாகக் கழிந்து சாகின்றன. லேப் ரிப்போர்ட்டில் "சால்மொனெல்லா" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் எச்சத்தைச் சோதித்தபோதும் சால்மொனெல்லா என்றுதான் வந்தது, ஆனால் அங்கே ஒரு கோழிகூடச் சாகவில்லை. மருந்து கொடுத்தால் சாவு குறைகிறது, நிறுத்தினால் மறுபடி தொடங்குகிறது. என் கோழிகளுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி இல்லையா?

பதில்: எதிர்ப்புச் சக்தியைப் பிறகு பார்ப்போம். முதலில், உங்கள் ரிப்போர்ட் பாதிதான் சொல்கிறது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த வகை என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்தா, தடுப்பூசியா, கோழிகளைக் கழித்துவிடுவதா (கொன்று அகற்றுவதா) என்று எந்த முடிவும் எடுக்க முடியாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் வயதும் கோழி டைபாய்டைக் காட்டுகின்றன, அதாவது சால்மொனெல்லா கேலினாரம். இறந்த கோழியை அறுத்தால் ஈரல் வீங்கி, கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் வெண்கலம் போலப் பச்சை கலந்த பழுப்பாக மாறும், மண்ணீரலும் பெருத்திருக்கும். இதன் நெருங்கிய உறவுதான் புல்லோரம். அது பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் கொல்லும், ஆசனவாயில் வெள்ளை எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் (வெள்ளையாகக் கழிந்தாலே ராணிக்கெட் என்ற வைரஸ் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்). பக்கத்துப் பண்ணையில் இருப்பது என்டெரிடிடிஸ் அல்லது டைஃபிமூரியம் போன்ற ஒன்றாக இருக்கலாம். அவை பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளைச் சாய்க்கும், வளர்ந்த கோழியின் குடலில் சத்தமில்லாமல் தங்கிவிடும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கிருமியின் மரபணுக்கள்தான். கேலினாரம், என்டெரிடிடிஸ் இரண்டின் முழு மரபணுத் தொகுப்பையும் 2008-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பெரும்பகுதி ஒன்றேதான், ஆனால் கேலினாரத்தில் சுமார் 300 மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. மரபணு பழுதானால் கிருமி பலவீனமாகத்தானே ஆக வேண்டும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. குடலில் மற்ற கிருமிகளோடு போட்டி போட்டு வாழத் தேவையான பல வேலைகளை அது இழந்துவிட்டது, வேறு விலங்குகளில் பிழைக்கும் திறனும் போயிற்று, கோழியின் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் உள்ளேயே வாழப் பழகிக்கொண்டது.

அப்படிப் பழுதானவற்றில் நீந்துவதற்கான வால், அதாவது கசையிழை கட்டும் மரபணுக்களும் அடக்கம். கோழிக் குடலின் செல்களில் அந்த வாலின் புரதத்தைக் கண்டுபிடிக்கவே ஓர் உணர்வி இருக்கிறது. என்டெரிடிடிஸ் நுழைந்ததும் அந்த உணர்வி உசுப்பிவிடும், குடலில் அழற்சி வரும், பாதுகாப்புச் செல்கள் திரண்டு வந்து கிருமியைப் பெரும்பாலும் குடலோடு நிறுத்திவிடும். வாலில்லாத கேலினாரம் நுழைவது அங்கே சரியாகப் பதிவாவதே இல்லை, அதனால் எதிர்ப்பு எழுவதற்குள் அது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: இளகிய அகார் குழாயில் கம்பியால் குத்தி வைத்தால், வாலுள்ள வகை குத்திய கோட்டைச் சுற்றிக் கலங்கலாகப் பரவும், கேலினாரமும் புல்லோரமும் அந்தக் கோட்டிலேயே நிற்கும்.

உள்ளே போனபின் இன்னொரு மரபணுத் தொகுதி வேலைக்கு வரும், எஸ்பிஐ-2 என்பார்கள். கிருமியை விழுங்கும் வெள்ளணு இதையும் விழுங்கும். ஆனால் இந்தத் தொகுதி ஒரு நுண்ணிய ஊசியைக் கட்டி, அதன் வழியாகத் தன் புரதங்களை அந்த வெள்ளணுவுக்குள்ளேயே செலுத்தி, தன்னைச் செரிக்க விடாமல் செய்துவிடும். இந்தத் தொகுதியை நீக்கிய கேலினாரத்தால் கோழியைக் கொல்ல முடியவில்லை என்பது சோதனையில் தெரிந்த விஷயம். மருந்தை நிறுத்தியதும் சாவு திரும்புவதற்கும் இதுவே முக்கியக் காரணம்: செல்லுக்குள் ஒளிந்திருப்பதை மருந்து முழுதாக ஒழிப்பதில்லை, பிழைத்த கோழி கிருமியைச் சுமந்துகொண்டே முட்டையிடும். போதாக்குறைக்கு, கிருமியின் டிஎன்ஏ-வைக் கையாளும் ஜைரேஸ் நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளின் பிடி தளர்ந்துவிடும். அரைகுறை டோஸ் கொடுக்கக் கொடுக்க அப்படி மாறியவைதான் மிஞ்சும். அந்த மருந்தை முட்டைக் கோழிகளுக்குக் கொடுக்கப் பல நாடுகளில் அனுமதியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எதிர்ப்புச் சக்தி. உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெள்ளை லெகார்னைவிடப் பழுப்பு முட்டை இனங்கள் கோழி டைபாய்டுக்கு எளிதில் பலியாகும், சால்மொனெல்லாவைத் தாங்குவதோடு தொடர்புடைய ஒரு பகுதி கோழியின் 5-ஆம் குரோமோசோமில் இருப்பதும் தெரியும். ஆனால் பக்கத்துப் பண்ணையில் உங்கள் கிருமி நுழைந்தால் அங்கேயும் சாகும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: இன்னும் மருந்து கொடுக்காத பகுதியிலிருந்து, அப்போதுதான் இறந்த கோழியின் ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை மூன்றையும் குளிரில் வைத்து லேபுக்கு அனுப்பி, கிருமியை வளர்த்து வகையைச் சொல்லுங்கள், எந்த மருந்து கேட்கும் என்றும் பாருங்கள் என்று கேளுங்கள். தட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்கும் பரிசோதனை மட்டும் போதாது. கேலினாரம், புல்லோரம், என்டெரிடிடிஸ் மூன்றுக்கும் மேற்புறச் சர்க்கரைச் சங்கிலி ஏறக்குறைய ஒன்றே என்பதால் எது வந்தாலும் பாசிட்டிவ் காட்டும். கேலினாரம் என்று உறுதியானால் இந்தக் கோழிகளின் முட்டை ஒன்றைக்கூடப் பொரிக்க அனுப்பாதீர்கள். இறந்தவற்றை அன்றன்றே எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள், எலியையும் கூண்டு இடுக்கில் ஒளியும் சிவப்பு உண்ணியையும் ஒழியுங்கள், அந்த உண்ணி கேலினாரத்தை அடுத்த தொகுதிக் கோழிகளுக்குக் கொண்டுபோகும். கழிப்பது பற்றிக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள், என்னைக் கேட்டால் கழிப்பதே நல்லது.

அடுத்த தொகுதிக்கு 9ஆர் தடுப்பூசி போடலாம். அந்தச் சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் மரபணு பழுதான, உயிருள்ள கேலினாரம்தான் அது. ஆகவே 6 வாரத்துக்கு முன் போடாதீர்கள், போடும் நாட்களில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தடுப்பூசியே செத்துவிடும். சாவை அது குறைக்கும், தொற்றை முழுதாகத் தடுக்காது.

பக்கத்துப் பண்ணைக்காரரையும் வகை பார்க்கச் சொல்லுங்கள். கேலினாரம் மனிதருக்கு நோய் தருவது மிக அரிது. என்டெரிடிடிஸ் அப்படியல்ல, கோழி நலமாகவே இருக்கும்போது கருக்குழாய் வழியாக முட்டைக்குள் புகுந்து, வெள்ளைக்கருவையும் தாங்கி நின்று, அரைவேக்காட்டில் தின்பவரைப் படுக்க வைத்துவிடும்.