ஒரே நேரத்தில் நாலு குழுவில் வாசித்துப் பிழைக்க முடியுமா?

கேட்ட தம்பிக்கு 22 வயது, கிதார் வாசிக்கிறாராம். "ஒரே இசைக்குழுவில் விசுவாசமாக இருப்பதா, கூப்பிடுகிற குழுவில் எல்லாம் வாசிப்பதா, இரண்டாவது வழியில் குடும்பம் நடத்த முடியுமா" என்பது கேள்வி.

முடியும் தம்பி. பத்தொன்பது வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன், வண்டி ஓடுகிறது, சில மாதம் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஊர் சேலம், அம்மாபேட்டை. வாத்தியம் பேஸ் கிதார், பாட்டுக்கு அடியில் தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கிற நாலு கம்பி கிதார். இப்போதைக்கு நாலு குழு. கல்யாண ரிசப்ஷனுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போகிற ஒரு மெல்லிசைக் குழு, ஆடி வந்தால் மட்டும் உயிர் வரும் ஒரு அம்மன் பாட்டு கோஷ்டி, ஒரு சர்ச் பாடகர் குழு, அப்புறம் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் சனிக்கிழமை ராத்திரி வாசிக்கிற மூன்று பேர் பேண்டு. முதல் இடத்தில் என் பெயர் 'பேஸு'. சர்ச்சில் 'பிரதர்'. ஏற்காட்டுக்கு வரும் பெங்களூரு கூட்டத்துக்கு 'ப்ரோ'. அம்மன் கோஷ்டியில் பெயரே கிடையாது, "அந்தக் கம்பிக்காரரைக் கூப்பிடு" என்றால் நான்தான்.

ஏன் நாலு என்று கேட்டால், ஆசையால் இல்லை, பஞ்சாங்கத்தால். ஆடியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியில் கிடையாது, மார்கழியில் கிடையாது. மெல்லிசைக் குழுவை மட்டும் நம்பினால் வருஷத்தில் மூன்று மாதம் அடுப்பு எரியாது. ஆனால் கல்யாணக்காரர்கள் கைவிடும் ஆடியில்தான் சேலத்தில் கோட்டை மாரியம்மனில் தொடங்கி நகரத்து மாரியம்மன் கோயில் எல்லாவற்றிலும் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு மேடை. மார்கழிக்கு சர்ச் இருக்கிறது, பணம் இல்லாவிட்டாலும் வாசிப்பு உண்டு. ஏப்ரல், மே என்றால் மலைக்கு ஆள் ஏறும். புரட்டாசிக்கு மட்டும் இன்னும் ஒரு குழு கிடைக்கவில்லை, அந்த மாதம் வகுப்பெடுக்கிற எட்டுப் பிள்ளைகளின் ஃபீஸில் ஓடுகிறது.

சரி, வாசிப்பு. நாலு குழுவில் வாசிப்பவன் நாலு மடங்கு பாட்டு தெரிந்தவன் என்று வெளியே நினைக்கிறார்கள். பாட்டு மனப்பாடம் ஆகிவிடும், அது பெரிய விஷயமே இல்லை. சுருதிதான் ஆளைக் கொல்லும். மெல்லிசைக் குழுவில் பாடகிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தால் மேடையில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்து "அண்ணா, அரை இறக்கிக்கலாமா" என்பார், அரை ஸ்வரம் சுருதியைக் குறைக்க வேண்டுமாம். கீபோர்டு மாஸ்டருக்கு என்ன, சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு எப்போதும் வாசிக்கிற கட்டைகளிலேயே வாசிப்பார். லீட் கிதாருக்கும் ஏதோ வழி உண்டு. பேஸில் அந்தப் பொத்தான் இல்லை. ஈ மைனரில் ஒரு பாட்டு, கடைசித் தடித்த கம்பியைத் திறந்து விட்டாலே போதும், வயிற்றில் அடிக்கிற மாதிரி ஒரு ஈ வரும். அரை இறக்கினால் அந்த ஸ்வரமே என் வாத்தியத்தில் இல்லை. ஒரு ஸ்தாயி மேலே போய் வாசிக்கலாம், ஆனால் இளையராஜா பாட்டுக்கு பேஸ் மேலே போனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் உடனே நிமிர்ந்து பார்ப்பார். நம்ம ஊரில் பேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கூட ராஜா பாட்டில் அது தப்பினால் கண்டுபிடித்துவிடுவார், அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஐந்து கம்பி பேஸ் வாங்கினேன். கீழே ஒரு பி கம்பி கூடுதல். குழுவில் ஏதாவது வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், வாத்தியம் உங்கள் செலவு, கம்பி மாற்றுவது உங்கள் செலவு, கேபிள் அறுந்தால் அதுவும் உங்கள் செலவு.

ஒரு ரிசப்ஷனில் நாதஸ்வரக்காரரையும் எங்கள் குழுவையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள், பெண் வீட்டார் ஆசை. அவர் வந்து "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்றார். எங்கள் டிரம்ஸ் பையன் திருதிருவென்று முழித்தான். கட்டை என்பது சுருதிக் கணக்கு, ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, இடையில் இருப்பவை ஒன்றரை, இரண்டரை என்று போகும், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் அரை கிடையாது. அவருடைய வாத்தியம் இரண்டரைக் கட்டை. அதை அவர் மாற்ற முடியாது, துளை போட்ட மரம் அது. நாங்கள்தான் மாற வேண்டும். மாறினோம். மாறிய பிறகும் ஒரு மயிரிழை விலகி நின்றது, கீபோர்டு மாஸ்டர் தன் சுருதியைத் துளித்துளியாக நகர்த்தி அவரோடு ஒட்ட வைத்தார், நான் முடுக்காணியைத் திருகிக்கொண்டே பின்னால் போனேன். அன்றைக்கு எனக்கு வாசிப்பை விட ஒட்டிப்போவதுதான் தொழில் என்று பட்டது.

சர்ச் வேறு உலகம். அங்கே நான் போன முதல் நாள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், அதில் d, r, m, f என்று ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும். டானிக் சோல்ஃபா, ஸ்வரத்தை எழுத்தால் எழுதுகிற முறை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நாலு குரலுக்கு நாலு வரி. அறுபது வயது அம்மாக்கள் அதைப் பேப்பர் படிக்கிற மாதிரி பாடுகிறார்கள். இருபது வருஷம் மேடை ஏறியவர்கள் பலருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசி வரியான பேஸ் குரலைத்தான் நான் வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. முதல் மாதம் ஏதோ ஒரு இடத்தில் சும்மா ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டேன், பாடகர் குழுத் தலைவி அக்கா பாட்டை நிறுத்தி "பிரதர், அது தாளில் இருக்கா?" என்றார். இல்லை. அவ்வளவுதான். அங்கே கற்றுக்கொண்டதை வேறு எங்கும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சம்பளம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, போக்குவரத்துச் செலவு, கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைத் துணி.

ஏற்காடு இதற்கு நேர் எதிர். சனிக்கிழமை மதியம் பைக்கில் பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி தாண்டிப் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ, நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம், இப்போது வளைவு மட்டும் நிற்கிறது. இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது பிறந்திருந்தால் மலை ஏறியிருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றும். கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. கீழே வியர்வை, மேலே ஸ்வெட்டர். மலையில் போய் உறையைத் திறந்ததும் வாசிக்கக் கூடாது, வாத்தியம் அந்தக் குளிருக்குப் பழக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். எஃகுக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். ஒரு தடவை மே மாதக் கோடை விழா சமயத்தில் மெல்லிசைக் குழுவோடு மேலே வாசித்தபோது மேகம் இறங்கிவிட்டது. என் கம்பி ஏறுகிறது, பக்கத்தில் தபலா ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்குகிறது, நடுவில் கீபோர்டு மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் சுருதி சேர்த்தோம்.

ரிசார்ட்டில் பழைய ஆங்கிலப் பாட்டு, பாதி ஹிந்தி, பன்னிரண்டு மணிக்கு மேல் என்றால் யாராவது ஒருவர் தமிழில் கேட்பார். சத்தம் குறைவாக வாசிக்க வேண்டும், சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். ஆடி மேடையில் அப்படி வாசித்தால் "என்னய்யா கரண்ட் இல்லையா" என்பார்கள். ஆனால் அந்த ஆடி மேடையிலும் மணி பத்தானால் போலீஸ்காரர் வந்து நிற்பார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதி, விழாக்களுக்காக அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை தளர்த்தலாம். கமிட்டிக்காரர் "இன்னும் ஒரே ஒரு பாட்டு சார்" என்று அவரிடம் கெஞ்சுவார், நாங்கள் அந்த ஒரே ஒரு பாட்டை பதினாலு நிமிஷத்துக்கு இழுப்போம்.

இப்போது விசுவாசம் பற்றி. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2016 நவம்பரில் பழைய ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று ஆனது. அடுத்த ஒரு மாதத்தில் எனக்கு ஐந்து ரிசப்ஷன் போயிற்று, கல்யாணம் நடந்தது, கச்சேரி மட்டும் ரத்து, கையில் பணம் இல்லாதபோது முதலில் வெட்டுவது நம்மைத்தானே. டிசம்பர் 24 ராத்திரி சர்ச் ஆராதனைக்கு ஒன்றரை மாதமாக ஒத்திகை. இருபதாம் தேதி மலையிலிருந்து போன், 24 ராத்திரி டின்னர், வழக்கமான சம்பளத்துக்கு மூன்று மடங்கு, ரொக்கம். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. நான் அக்காவிடம் காய்ச்சல் என்று சொன்னேன்.

வாசித்தேன். பணம் வந்தது. யாரோ ஒரு விருந்தாளி எடுத்த வீடியோ எப்படியோ சேலத்துக்கு வந்து, விடியும் முன் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் விழுந்திருக்கிறது. சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டு நான் சிரித்துக்கொண்டு வாசிக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன், போகாமல் இருக்கத் தைரியம் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மட்டும் தாளைக் கொடுத்துக்கொண்டே "காய்ச்சல் சரியாயிடுச்சா பிரதர்?" என்றார். கேலியே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. அன்று ராத்திரி பேஸ் இல்லாமலே பாடியிருக்கிறார்கள்.

மெல்லிசைக் குழு ஓனர் நான் மற்ற குழுக்களில் வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் வேறு இடத்தில் வாசிப்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை, எல்லோரும் அப்படித்தான். கொடுத்த தேதியை அதிகச் சம்பளத்துக்காகப் பிடுங்குவதைத்தான் மறக்க மாட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு டைரி, பேனாவால் மட்டும் எழுதுவேன், பென்சில் கிடையாது. முதலில் கூப்பிட்டவருக்குத் தேதி. ஆள் மாற்றி அனுப்புவதானால் முன்கூட்டியே சொல்லி, அனுப்புகிற ஆளுக்கு நானே பாட்டுகளின் ஸ்கேல் எழுதிக் கொடுத்து அனுப்புவேன்.

நமக்கு வாக்குத் தவறுகிறவர்களும் உண்டு. ஒரு ஏஜெண்ட் எனக்கு ஏழு கச்சேரிப் பணம் இன்னும் தரவில்லை, அவரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் டீ வாங்கித் தருகிறார், தட்டுவடை செட் வாங்கித் தருகிறார், பணம் மட்டும் இல்லை. அட்வான்ஸ் வாங்காமல் போகாதீர்கள்.

வருமானம் கேட்டீர்கள். என் கணக்கு மட்டும் சொல்கிறேன். ரிசப்ஷனுக்கு இரண்டாயிரத்திலிருந்து இரண்டரை, மலையில் மூவாயிரமும் சாப்பாடும், ஆடி மேடை ஆயிரத்தைந்நூறு, ஆனால் அது வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ராத்திரி. நல்ல மாதம் முப்பதாயிரத்தைத் தொடும், புரட்டாசியில் பத்துக்கே திணறல். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து அந்த ஆடி முழுக்க ஒரு மேடை கிடையாது, பழைய நாலு கம்பி பேஸை விற்றேன், அப்பாவோடு தறிக்கு உட்கார்ந்தேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பேஸுக்கு ஆளே வேண்டாம் என்று கீபோர்டு இடக்கையில் வாசிக்கிற குழுக்கள் பெருகிவிட்டன, அதற்கும் மேலே போய் பாடகர் இரண்டு பேர், லேப்டாப்பில் முன்பே பதிவு செய்த ட்ராக், கச்சேரி முடிந்தது. அவர்களோடு நான் சம்பளத்தில் போட்டி போட முடியாது. அரை இறக்கச் சொன்னால் இறங்கவும், பாடகி ஒரு வரியை விட்டுவிட்டால் கூடவே தாவவும் ட்ராக்கால் முடியாது, அதை நம்பித்தான் இருக்கிறேன்.

தம்பி எந்த ஊர் என்று எழுதவில்லை. சேலம் பக்கம் என்றால், கிதார் வாசிக்கிற கைக்கு பேஸ் இரண்டு மாதத்தில் பழகும், இந்த டிசம்பர் 24 ராத்திரிக்கு ரிசார்ட்டில் ஆள் தேடுகிறார்கள், நல்ல பணம். என்னைத்தான் முதலில் கேட்டார்கள். அக்கா செப்டம்பரிலேயே தேதி வாங்கிவிட்டார்.