தொட்டிலில் ஒரு பேஷ்வா

கேள்வி: பேஷ்வா என்பது ராஜா நியமிக்கும் அமைச்சர் பதவிதானே? மராத்தியரிடம் அது எப்படி அப்பா, மகன், பேரன் என்று ஒரே வீட்டில் தங்கியது? நம் மாவட்டத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டா ஐயா?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

பதில்: அப்படி யாரும் சட்டம் போடவில்லை அம்மா. சிவாஜியின் எட்டு அமைச்சர்களில் ஒருவர்தான் பேஷ்வா. அன்று அந்த இடத்தில் இருந்தவர் மோரோபந்த் பிங்களே. அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் வந்தார்கள். 1713இல் பஹிரோபந்த் பிங்களேயைக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே சிறைபிடித்துவிட, சிவாஜியின் பேரன் ஷாஹு மன்னர் பாலாஜி விஸ்வநாத்தைப் பேஷ்வா ஆக்கினார். அவர் பேசியே ஆங்கரேயை மன்னர் பக்கம் கொண்டுவந்தார்.

1720இல் பாலாஜி இறந்தபோது மகன் பாஜிராவுக்கு 19 வயது. சின்னப் பையன் என்று மூத்தவர்கள் முணுமுணுத்தும் ஷாஹு கேட்கவில்லை. 1740இல் பாஜிராவின் மகன் நானாசாகேப். மூன்று தலைமுறை ஆனபின் யார் தட்டிக் கேட்பது?

அவர்கள் முத்திரையில் முதலில் ராஜாவின் பெயர், அப்புறம்தான் ‘முக்கிய பிரதான்’ என்று பேஷ்வாவின் பெயர். பதவி உடையும் சதாராவில் இருந்த ராஜாவிடமிருந்தே வர வேண்டும். 1749இல் ஷாஹு இறந்ததும் படையும் பணமும் பேஷ்வா இருந்த புனேவுக்குப் போய்விட்டன; உடை மட்டும் சதாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

எனக்கு நானாசாகேபின் மகன் மாதவராவ் மேல்தான் தனி மரியாதை. 1761இல் பானிபட் போரில் அண்ணனைப் பறிகொடுத்து, அதே வருஷம் தந்தையையும் இழந்து, 16 வயதில் பொறுப்பேற்றவர். ஹைதர் அலியைப் பலமுறை எதிர்கொண்டு, நொறுங்கிக் கிடந்த ராஜ்யத்தை நிமிர்த்திவிட்டு 27 வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார்.

அவர் தம்பி நாராயணராவின் முடிவை எப்போது படித்தாலும் மனசு கலங்கும். 1773 ஆகஸ்ட் 30 அன்று காவல் வீரர்கள் சம்பள பாக்கி கேட்டுக்கொண்டு சனிவார்வாடா அரண்மனைக்குள் புகுந்தார்கள். 18 வயதுப் பேஷ்வா சித்தப்பா ரகுநாதராவின் அறைக்கு ஓடி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அங்கேயே வெட்டினார்கள். சித்தப்பாவே அடுத்த பேஷ்வா ஆனார். நீதிபதி ராம சாஸ்திரி பிரபுனே அவரைக் குற்றவாளி என்று அஞ்சாமல் சொன்னார்.

அடுத்த ஏப்ரலில் நாராயணராவின் மனைவிக்குப் புரந்தர் கோட்டையில் ஆண் குழந்தை பிறந்தது. அமைச்சர் நானா பட்னாவிஸும் மற்றவர்களும் சதாராவிலிருந்து உடை வரவழைத்து, 40 நாள் குழந்தையைப் பேஷ்வா ஆக்கினார்கள். ரகுநாதராவை விரட்ட வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலைக்கு ஆள் தேடும் வழக்கம் அன்றோடு செத்துவிட்டது என்பதே என் கருத்து.

அந்தக் குழந்தைதான் சவாய் மாதவராவ். நம் ஊர்க் கதை அவர் காலத்தில் வருகிறது. திப்புவுக்கு எதிராகக் கும்பினியும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஐதராபாத் நிஜாமும் மராத்தியரும் கைகோத்தார்கள். 1791 நவம்பரில் கும்பினிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்கப் பார்த்து அடிபட்டுத் திரும்பியது. அப்படி நின்ற கோட்டையை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டது. பேஷ்வாவின் பங்கு வடக்கே துங்கபத்திரைப் பக்கம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் கும்பினிக்கு. ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது.